பெட்டி எண் ஏழு

காளவாசல் சிக்னலைப் பார்த்த இரண்டாம் மாடி.
கீழே பைக்குகளுக்கு சீட் கவர் தைக்கிறார்கள்.
அந்தச் சத்தம் மேலே வராது என்று
அமெரிக்கக் கம்பெனிக்கு
எழுதிக் கொடுத்திருக்கிறோம்.

சனிக்கிழமை, ஏழரை மணி.
ஒன்பது பேர், ஒன்பது பாஸ்போர்ட்.
ஒன்றிலும் இன்னும் ஒரு முத்திரை விழவில்லை.
முகத்தையும் படத்தையும் ஒத்துப் பார்ப்பது என் வேலை.
படத்தில் யாரும் சிரிக்கவில்லை,
நேரிலும்தான்.

உசிலம்பட்டிக்குத் தெற்கே ஏதோ ஊரிலிருந்து ஒச்சம்மாள்.
முதல் பஸ்ஸுக்கு நாலு மணிக்கே வந்து நின்றாளாம்.
குடும்பப் பெயர் என்கிற கட்டத்தைக்
காலியாக விட்டால் கம்ப்யூட்டர் நகராது.
அப்பா பெயரைப் போட்டுவிட்டாள்.
அன்றிலிருந்து கல்லூரிகள் எல்லாம்
அன்புள்ள காசிமாயன் என்றே எழுதுகின்றன.
தேனியைத் தாண்டாத மனுசன்,
கோழி லோடு ஏற்றுகிறவர்.
அவரை உயிரியல் படிக்க வரச் சொல்லி
ஒஹையோவிலிருந்து இந்த வாரம் மட்டும்
மூன்று கடிதம்.

மேலூர் அல்தாஃப் பக்கம் போனதும் கருவி கத்தியது.
சட்டைக் கையைச் சுருட்டினான். தாயத்து.
மூன்று வயதுக் காய்ச்சலில் அம்மா கட்டியது,
கயிறு மட்டும் இரண்டு முறை மாற்றியிருக்கிறார்கள்.
முடிச்சு இறுகிக் கல்லாகியிருந்தது.
விதி நான்கில் உலோகம் என்று இருக்கிறது,
காய்ச்சல் என்று இல்லை.
கத்தரி என் மேசையில்தான் இருந்தது.
வெட்டினேன்.
கறுத்த கையில் வெளுத்த வளையம் ஒன்று.
பெட்டி எண் ஏழு, சாவி உங்களிடம்,
கையெழுத்து இங்கே.

உள்ளே ஏசி இருபத்திரண்டில் இருக்க வேண்டும்.
வெளியே பங்குனி வெயில்,
உள்ளே துப்பட்டாவைப் போர்த்திக்கொண்டு
பென்குவின்களைப் பற்றிய பத்தியைப் படிக்கிறார்கள்.

பதினோரு மணிக்குப் பேச்சுப் பகுதி.
உங்கள் ஊரைப் பற்றிச் சொல்லுங்கள்,
நாற்பத்தைந்து வினாடி.
ஒன்பது வாய்கள் ஒரே நேரத்தில் திறந்தன.
எட்டு ஊர்களில் பழமையான கோயில் இருந்தது,
அன்பான மக்கள் இருந்தார்கள்,
கோச்சிங் சென்டர் கொடுத்த அதே வரிசையில்.

ஒச்சம்மாளின் ஊரில் கண்மாய் இருந்தது.
அங்கேதான் நின்றுபோனாள்.
லேக் இல்லை. பாண்ட் இல்லை.
டேங்க் என்றால் அவர்களுக்குப் பீரங்கி வண்டி.
மடை திறந்துவிட்ட மாதிரி
திரையில் வினாடிகள் ஓடின.
நான் உதட்டை அசைக்கக் கூடாது.
பன்னிரண்டு வினாடி மிச்சமிருக்கையில்
கண்மாய் என்றே சொல்லிவிட்டு மேலே போனாள்:
அது நிரம்பினால் எங்களுக்கு லீவு,
பள்ளிக்கூடத்து பெஞ்சுகள் மிதக்கும்.

எங்கோ ஓர் ஊரில் ஹெட்போன் மாட்டிய ஒருவர்
அந்தச் சொல்லைத்
திரும்ப ஓட்டிக் கேட்பார்.

எனக்கும் ஒரு மதிப்பெண் இருந்தது.
இரண்டு வருடம் செல்லும் என்றார்கள்.
அதற்குள் பணம் புரளவில்லை.
ஒருநாள் நள்ளிரவு பன்னிரண்டுக்கு
நான் ஆங்கிலம் தெரியாதவள் ஆனேன்.
அடுத்த வாரம் இந்த வேலைக்கு
ஆங்கிலத்தில்தான் நேர்காணல்.

முடிந்ததும் எல்லோரும்
முதலில் செல்போனைத்தான் எடுத்தார்கள்.
அல்தாஃப் மாடிப்படியில் நின்று
ஒரு கையாலும் பல்லாலும்
அறுந்த கயிற்றோடு மல்லுக்கட்டினான்.
தேர்வெழுத வந்தவரை ஊழியர் தொடக் கூடாது,
விதி ஒன்பது.
ஒச்சம்மாள் பையைக் கீழே வைத்தாள்.
"ஆட்டுக்குப் போடுற முடிச்சு, அவுறாது."
"திரும்ப எழுத வந்தா?"
"அப்பவும் கத்தரிதான்."
இருவரும் என் பக்கம் பார்த்தார்கள்.

நான் சாவிகளை எண்ணினேன்.
ஒன்பதும் வந்துவிட்டன.
கீழே தையல் மெஷின்
காலையிலிருந்து
நின்றிருக்கவே இல்லை.